ஒரு கிராம்கூட இல்லாத குட்டி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னியிலிருந்து மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது ப்ரோக்கன் ஹில். வெள்ளி, ஈயம், துத்தநாகம் தோண்டி வளர்ந்த சுரங்க ஊர். அங்கிருந்து வடக்கே திப்பபுர்ரா போகும் நெடுஞ்சாலையில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் வீடுகள் மறைந்துவிடும். பிறகு செம்மண், உப்புப் புதர், கம்பி வேலி, அவ்வளவுதான். ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர். தமிழ்நாட்டுச் சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மழை குறைவு என்பதைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அந்த மண்ணின் பெரிய சிக்கல். நம் பக்கம் பருவமழை பொய்க்கும். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை என்று வானத்தைப் பார்ப்பதற்காவது ஒரு மாதம் உண்டு. அங்கே அதுவும் கிடையாது. கோடையில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கலாம், குளிர்காலத்தில் தூறலாக வரலாம், இரண்டு வருடம் எட்டிப் பார்க்காமலும் போகலாம். ஓடைகளில் தண்ணீர் ஓடுவதைவிட மணல் கிடக்கும் நாட்களே அதிகம். அந்த ஓடைக் கரைகளில் நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்தால் நம் ஊர்க்காரருக்கு அடையாளம் தெரியும். காகித ஆலைகளுக்காக இங்கே ஏக்கர் கணக்கில் நடப்படும் தைலமர வகைகளில் ஒன்றின் சொந்த ஊர் அதுதான்.

இந்த நிலத்தை நம்பித்தான் மெரினோ செம்மறி வளர்க்கிறார்கள். ஓர் ஆட்டுக்கு ஐந்து முதல் பத்து ஹெக்டேர் வரை மேய்ச்சல் வேண்டும். பத்து ஆட்டை ஓர் ஏக்கரில் கட்டி வளர்க்கப் பழகியவருக்கு இது விளையாட்டாகத் தெரியும். அங்கே பண்ணை என்றால் ஒரு தாலுகாவின் பரப்பு. ஆட்டைப் பார்க்க மோட்டார் சைக்கிளிலும், சிலர் சிறு விமானத்திலும் போகிறார்கள்.

சாலையில் 110 கிலோமீட்டர் போனால் ஃபௌலர்ஸ் கேப் என்ற இடம் வரும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சிப் பண்ணை. சுமார் 39,000 ஹெக்டேர். ஆடும் மேய்கிறது, ஆராய்ச்சியும் நடக்கிறது. பொழுது சாயும் நேரத்தில், பகல் முழுக்கப் புதர் நிழலில் படுத்திருந்த உருவங்கள் எழுந்து நிற்கும். பெரிய கங்காருக்களில் நான்கு வகை இங்கே உண்டு: சிவப்புக் கங்காரு, மலைச்சரிவை விரும்பும் யூரோ, கிழக்குச் சாம்பல், மேற்குச் சாம்பல். ஒரே வேலிக்குள் செம்மறியும் கங்காருவும் ஒரே புல்லுக்கு வாய் வைக்கின்றன. இரண்டும் புல் தின்னும் பிராணிகள். இரண்டும் குட்டிக்குப் பால் கொடுப்பவை. ஆனால் குட்டி போடும் விஷயத்தில் இரண்டும் இரண்டு உலகம்.

கடையில் நிறுத்தினால் முள் அசையாது

மெரினோ ஆடு 150 நாள் சினை. குட்டி நான்கு, ஐந்து கிலோ எடையில் பிறக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று மடியைத் தேடும். சிவப்புக் கங்காருவுக்குச் சினைக்காலம் 33 நாள்தான். 25, 30 கிலோ எடையுள்ள தாய் ஈனும் குட்டி ஒரு கிராமைத் தொடாது. நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்; அவரை விதை அளவு. மளிகைக் கடைத் தராசில் வைத்தால் முள் அசையாது.

பிறக்கும்போது அதற்குக் கண் திறந்திருக்காது, காது இருக்காது, மயிர் இருக்காது. பின்னங்கால் வெறும் மொட்டு. ஆனால் முன்னங்கால் இரண்டும் நகத்தோடு தயாராக இருக்கும். வாயும், மோப்பம் பிடிக்கும் மூக்கும் தயாராக இருக்கும். ஏன் இவை மட்டும்? பிறந்த மறு நிமிடமே அது ஒரு பயணம் போக வேண்டும்.

ஈனும் நேரம் வந்ததும் தாய் வாலை முன்பக்கமாகக் கால்களுக்கு இடையே விட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறது. பையை நக்கிச் சுத்தம் செய்கிறது. குட்டி வெளியே வந்ததும் தாயின் வயிற்று மயிரை முன்னங்கால்களால் மாறி மாறிப் பற்றி மேலே ஏறுகிறது. சில நிமிடங்களில் பைக்குள் போய், ஒரு காம்பைக் கவ்விவிடுகிறது. தாய் எடுத்து வைப்பதில்லை. நாக்கால் நக்கி வழி போட்டுக் கொடுக்கிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது வழிக்காக அல்ல; ஈன்றபோது வடிந்த நீரைத்தான் தாய் துடைக்கிறது. வழியில் தவறி விழுந்த குட்டியை எடுத்து வைக்க ஆள் இல்லை. அதோடு முடிந்தது.

கவ்விய காம்பின் நுனி குட்டியின் வாய்க்குள் புடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சுமார் 70 நாள் குட்டி காம்பை விடாது. விடவும் முடியாது. இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் பழைய காலத்து வெள்ளையர் குழம்பிப்போனார்கள். 1629-இல் ‘பட்டேவியா’ என்ற டச்சுக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையை ஒட்டிய ஹவுட்மன் அப்ரோலோஸ் தீவுகளில் மோதி உடைந்தது. அதன் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட், அங்கிருந்த சிறு கங்காரு வகையின் பையைத் திறந்து பார்த்துவிட்டு, குட்டி காம்பிலிருந்தே முளைத்து வளர்கிறது என்று எழுதி வைத்தார். செடியில் காய் காய்ப்பதுபோல! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காம்பும் குட்டியும் ஒன்றாக ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குட்டி பைக்குள்ளேயே பிறக்கிறது என்று இன்றும் நினைப்பவர்கள் நிறைய.

பைக்குள் குட்டி வளர வளர, கண் திறக்கும், மயிர் முளைக்கும், தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கும், இறங்கிக் குதித்துவிட்டுத் தலைகீழாக மறுபடி உள்ளே பாயும். சுமார் 235-ஆம் நாளில் தாய் இனி உள்ளே விடாது. அப்போது குட்டியின் எடை நான்கு, ஐந்து கிலோ.

செம்மறிக் குட்டி பிறக்கும்போது இருக்கும் எடையும் அதுதான். ஆடு கருப்பைக்குள்ளே செய்து முடிக்கும் வேலையில் பெரும்பங்கைக் கங்காரு பைக்குள் வைத்துச் செய்கிறது. ஆடு நஞ்சுக்கொடி வழியாக ஊட்டுவதைக் கங்காரு பால் வழியாக ஊட்டுகிறது. கங்காருவுக்கு நஞ்சுக்கொடியே இல்லை என்று சொல்வது சரியில்லை. கொஞ்ச நாளைக்கான எளிய கொடி ஒன்று உண்டு. ஆனால் கனமான வேலை எல்லாம் மடியின் தலையில்தான். வயிற்றில் பை உள்ளதால் இந்த இனத்துக்குப் பைப்பாலூட்டிகள் என்று பெயர் வந்தது. இந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரிப்பது பையைவிட இந்தப் பால் கணக்குத்தான்.

ஒரே மடியில் இரண்டு பால்

கறவை மாடு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கங்காருவின் பைக்குள் நான்கு காம்புகள். பையை விட்டு இறங்கிய குட்டி ஒரு வயது ஆகும்வரை வெளியே நின்றபடி தலையை மட்டும் பைக்குள் விட்டுப் பால் குடிக்கும். எந்தக் காம்பில் வளர்ந்ததோ அதே காம்பில்தான் குடிக்கும்; அது நீண்டு தடித்துப் போயிருக்கும். அதே நேரத்தில் அவரை விதை அளவில் புதுக் குட்டி ஒன்று வேறொரு சிறிய காம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் ஒரே பால் அல்ல. சின்னதுக்குத் தண்ணீர் போன்ற, கொழுப்பு குறைந்த பால். பெரியதுக்குக் கொழுப்பும் புரதமும் மிகுந்த கெட்டிப் பால். ஒரே தாய், ஒரே ரத்தம், ஒரே தீனி. அடுத்தடுத்த காம்பில் வெவ்வேறு பால்! நம் மாட்டின் மடியிலும் நான்கு பாகங்கள் தனித்தனிதான். ஒரு காம்பில் மடிநோய் வந்தால் மற்றது தப்பிப்பது அதனால்தான். ஆனாலும் நல்ல மடியில் நான்கிலும் பாலின் தன்மை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கங்காருவில் ஒவ்வொரு காம்புக்கும் பின்னால் உள்ள சுரப்பி தன் குட்டியின் பருவத்துக்கு ஏற்ப நடக்கிறது.

‘அப்படியானால் சீம்பால்?’ என்ற கேள்வி கால்நடை வளர்ப்பவருக்கு உடனே எழும். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போகாது. அதனால்தான் ஈன்ற சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் மன்றாடுகிறார்கள். கங்காருக் குட்டிக்கோ பிறக்கும்போது சொந்த எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. அதை உடல் மெல்லக் கட்டிக்கொள்ளும்வரை தாய்ப்பாலும், பையின் தோலில் சுரக்கும் கிருமி அடக்கும் பொருள்களும் காக்கின்றன.

தாய் அடிக்கடி பைக்குள் தலையை விட்டு நக்கும். குட்டியின் சிறுநீரையும் சாணத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். பை நாறாமல் இருப்பது ஒரு லாபம். பாலாகக் கொடுத்த நீரில் ஒரு பகுதி தன் உடலுக்கே திரும்பி வருவது இன்னொரு லாபம். ஓடையில் மணல் ஓடும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இருப்பில் ஒரு கரு

நம் மாடு ஈன்றபின் அறுபது, தொண்ணூறு நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து சினை பிடித்தால் நல்ல மாடு. அதற்காகத் தாது உப்பு கொடுக்கிறோம், ஊசி போடுகிறோம், மனம் நொந்துபோகிறோம். சிவப்புக் கங்காரு ஈன்ற ஒன்றிரண்டு நாளில் மறுபடி ஆணோடு சேர்ந்துவிடுகிறது. கரு உண்டாகிறது. உண்டான கரு எண்பது, நூறு செல் கொண்ட உருண்டையாகும்வரை வளர்ந்து, கடுகைவிடச் சிறிய அளவில் அப்படியே நின்றுவிடுகிறது. சாவதுமில்லை, வளர்வதுமில்லை.

நிறுத்தி வைப்பது பைக்குள் இருக்கும் குட்டி. அது விடாமல் காம்பை உறிஞ்சுவதால், கரு வளரத் தேவையான ஹார்மோனைச் சூல்பை சுரக்காமல் அடக்கி வைக்கிறது உடல். குட்டி பையை விட்டு இறங்கும் காலம் நெருங்கும்போது உறிஞ்சுவது குறையும். உடனே உள்ளே காத்திருந்த கரு விழித்துக்கொண்டு வளரத் தொடங்கும். பெரியது பையை விட்டு இறங்கிய ஓரிரு நாளில் புதியது பிறந்து, காலியான பைக்குள் ஏறும். ஆக, நல்ல காலத்தில் ஒரு தாய்க்கு மூன்று: காலடியில் ஒன்று, பையில் ஒன்று, கருப்பையில் காத்திருப்பது ஒன்று.

இதை ஒழுங்காகக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் ஜெஃப் ஷார்மன் என்ற ஆஸ்திரேலிய விலங்கியலாளர். 1950-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் குவாக்கா என்ற சிறு பைப்பாலூட்டியில் கண்டதை, பிறகு சிவப்புக் கங்காருவிலும் காட்டினார். எல்லாக் கங்காருவுக்கும் இது பொருந்தாது. ஃபௌலர்ஸ் கேப்பில் ஒரே வேலிக்குள் நிற்கும் நான்கு வகையில் சிவப்பும் யூரோவும் இப்படிக் கருவை இருப்பு வைக்கும். கிழக்குச் சாம்பல் எப்போதாவது வைக்கும். மேற்குச் சாம்பலுக்கு அந்த வழக்கமே கிடையாது. மிக வறண்ட இடத்தில் வாழும் வகைகளுக்குத்தான் இந்தப் பழக்கம் முற்றிப்போயிருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது.

மழை இல்லாத வருடம்

மழை பெய்யும்போது இந்த ஏற்பாடு எவ்வளவு வேகம் என்று தெரியும். பெய்யாதபோதுதான் அதன் உண்மையான வேலை தெரியும்.

வறட்சி வருகிறது என்று வையுங்கள். சினை ஆட்டின் நிலை என்ன? சினை முற்றிய கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது தீனி இல்லாவிட்டால் ஆடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்கு ஊட்டும். அதுவும் இரட்டை என்றால், ரத்தத்தில் சர்க்கரை குறைந்து, உடல் நஞ்சாகி, தலை தொங்கிப் படுத்துவிடும். இரட்டைக் குட்டி நோய் என்றே அதற்கு அங்கே பெயர். நம் ஊர்ப் பட்டிகளிலும் இது உண்டு. கோடையில் சினை ஆடு படுத்துச் செத்தால் பலர் காரணம் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். ஆட்டால் நடுவில் வாபஸ் வாங்க முடியாது. போட்ட முதல் முழுவதும் வயிற்றில் இருக்கிறது. போனால் குட்டியோடு தாயும் போகும்.

கங்காரு போட்ட முதல் ஒரு கிராம். புல் குறையக் குறையப் பால் குறையும். பைக்குள் இருக்கும் குட்டி இரண்டு, மூன்று மாதத்தில் செத்துப்போகும். உறிஞ்சுவது நின்றதும் காத்திருக்கும் கரு விழிக்கும்; ஒரு மாதத்தில் புதுக் குட்டி பைக்குள் வரும். அதற்கு முதல் இரண்டு மாதம் தேவைப்படும் பால் மிகக் குறைவு. அதற்குள் மழை பெய்தால் அது பிழைக்கும். பெய்யாவிட்டால் அதுவும் போகும், அடுத்தது வரும். வறட்சி இன்னும் முற்றினால் தாய் பருவத்துக்கு வருவதையே நிறுத்திவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஆலன் நியூசம் 1960-களில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டின. நல்ல மழை பெய்து புல் துளிர்த்ததும், நிறுத்தியிருந்த தாய்கள் சில வாரங்களிலேயே மறுபடி பருவத்துக்கு வந்தன.

குட்டி சாவதைக் கேட்டால் மனம் சுணங்கத்தான் செய்யும். தாயைக் கல்நெஞ்சம் என்று சொல்லவும் தோன்றும். ஆனால் எப்போது மழை வரும் என்று தெரியாத நிலத்தில் பெரிய முதலை முன்கூட்டியே போடுகிற தாய் எத்தனை தலைமுறை நிலைத்திருக்க முடியும்? மழையை நம்பி எல்லாக் கடனையும் ஒரே விதைப்பில் போட்டவருக்கும், நிலத்தில் பாதியை விதைத்துவிட்டு மீதி விதையைக் குதிரில் வைத்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பைப்பாலூட்டி என்றால் பாதியில் நின்றுபோன, மட்டமான பாலூட்டி என்று ஐரோப்பியர் பலர் ஒரு காலத்தில் எழுதினார்கள். அந்தச் செம்மண்ணில் ஒரு வறட்சியைக் கண்ணால் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

2019 ஆஸ்திரேலியாவில் பதிவேடு தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு. ப்ரோக்கன் ஹில் ஊருக்கே குடிதண்ணீருக்குத் தெற்கே உள்ள மரே ஆற்றிலிருந்து குழாய் போட வேண்டி வந்தது. ஆட்டுக்காரர்கள் வைக்கோலை விலைக்கு வாங்கிப் போட்டார்கள். முடியாதபோது, வருடக்கணக்கில் தேர்ந்தெடுத்துக் கட்டிய மந்தையை லாரியில் ஏற்றி விற்றார்கள். கங்காருக்களும் சும்மா தப்பிவிடவில்லை. முழு வளர்ச்சி அடைந்தவையே கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆனாலும் மழை திரும்பியபோது முதலில் எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்குபவை அவைதான்.

அங்கேதான் தகராறும் தொடங்குகிறது. ஆட்டுக்காரர் மந்தையை விற்று, நிலத்துக்கு ஓய்வு கொடுத்து, புல் மீளட்டும் என்று காத்திருப்பார். துளிர்த்ததை வேலி தாண்டி வந்த கங்காருவும், காட்டில் திரியும் வெள்ளாடும் மேய்ந்துவிடும். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கங்காரு பெருகியதில் மனிதர் பங்கும் உண்டு. ஆட்டுக்காகத் தோண்டிய குட்டைகளும் ஆழ்குழாய்க் கிணறுகளும் கங்காருவுக்கும் தண்ணீர் கொடுத்தன. ஆட்டைத் தின்னும் டிங்கோ நாயைத் தடுக்க, தெற்குக் கடற்கரையிலிருந்து குவீன்ஸ்லாந்து வரை 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டார்கள். அது இந்த வட்டாரத்தின் மாநில எல்லையை ஒட்டித்தான் போகிறது. வேலிக்கு உள்ளே நாய் ஒழிந்தது. நாய்க்குப் பயந்திருந்த கங்காரு பெருகியது.

ஒவ்வொரு வருடமும் விமானத்தில் பறந்து கங்காருவை எண்ணி, எத்தனை சுடலாம் என்று அரசு அளவு வைக்கிறது. உரிமம் பெற்றவர்கள் இரவில் விளக்கடித்துச் சுடுகிறார்கள். கறியும் தோலும் விற்பனைக்குப் போகின்றன. பெண்ணைச் சுட்டால் பைக்குள் கை விட்டுப் பார்த்தாக வேண்டும். உள்ளே குட்டி இருந்தால் அதையும் துன்பமில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. படிக்கவே கஷ்டமான விதி. தாய் செத்தபின் பைக்குள் குட்டி பல மணி நேரம் உயிரோடு கிடந்து சாகும் என்பதால் வந்த விதி அது. இப்போது கறித் தொழிலில் பெரும்பாலும் ஆண்களையே சுடுவதற்கும் இது ஒரு காரணம்.

கங்காரு மட்டும் அல்ல

பைப்பாலூட்டிகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும். மீதி அமெரிக்கக் கண்டங்களில். எல்லாவற்றுக்கும் பை ஒரே மாதிரி இல்லை. மண் தோண்டி வளை போடும் வாம்பட்டுக்குப் பையின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும். முன்னால் திறந்திருந்தால் தோண்டும் மண்ணெல்லாம் குட்டியின் தலையில்தான். கறையான் தின்னும் நம்பாட்டுக்குப் பையே கிடையாது. குட்டிகள் காம்பில் தொங்கியபடியே தாயோடு போகும். டாஸ்மேனியத் தீவில் உள்ள டெவில் என்ற பிராணி இருபதுக்கும் மேல் ஈனும், காம்பு நான்குதான். முதலில் ஏறிய நான்குக்குத்தான் வாழ்வு.

கோவாலா தைல இலையை மட்டுமே நம்பி வாழ்வது. அந்த இலையில் நார் அதிகம், நஞ்சும் உண்டு. வயிற்றில் அதற்கான நுண்ணுயிர்கள் இல்லாமல் செரிக்காது. பால் மட்டும் குடித்த குட்டிக்கு அவை எங்கிருந்து வரும்? ஆறு மாத வாக்கில் தாய், வழக்கமான புழுக்கை இல்லாமல், கூழ் போன்ற தனிச் சாணம் போடும். குட்டி அதைத் தின்னும். அதன் வழியாக நுண்ணுயிர் குட்டியின் குடலில் குடியேறிய பிறகே இலை தின்னத் தொடங்கும். அசைபோடும் கன்று தாயோடும் மந்தையோடும் பழகியே வயிற்றுக்கான நுண்ணுயிர்களைப் பெறுகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இதில் அருவருப்பு தோன்றாது.

சாலையோரத்தில்

ப்ரோக்கன் ஹில் சாலையில் இரவில் வண்டி ஓட்ட உள்ளூர்க்காரர்கள் தயங்குவார்கள். வறட்சிக் காலத்தில் தார்ச்சாலை ஓரத்தில்தான் பச்சை தெரியும். சாலையில் விழும் தூறல் ஓரத்துக்கு வழிந்து, அங்கே மட்டும் புல் முளைக்கும். அதைத் தேடிக் கங்காருக்கள் வரும், விளக்கு வெளிச்சத்தில் திகைத்து நிற்கும், அடிபடும். காலையில் போனால் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் உடல்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடிபட்ட கங்காரு கிடந்தால், பாதுகாப்பாக வண்டியை நிறுத்த முடிகிற இடத்தில் நிறுத்தி, பையைப் பார்ப்பார்கள். தாய் செத்திருந்தாலும் உள்ளே குட்டி துடித்துக்கொண்டிருக்கலாம். காம்பைக் கவ்விய இளங்குட்டியைப் பிடித்து இழுக்கக் கூடாது, வாய் கிழிந்துவிடும். காம்பைத் தாயின் பக்கம் அறுத்து, குட்டியோடு சேர்த்து எடுத்து, துணியில் சுற்றிச் சூடு குறையாமல் காட்டுயிர் மீட்பாளர்களிடம் சேர்க்க வேண்டும். இப்படி வந்த குட்டிகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் தன்னார்வலர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். துணிப்பை தைத்துக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு, அதற்குள் குட்டியை வைத்திருப்பார்கள். இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பார்கள்.

பசும்பால் ஆகாது. அதிலுள்ள லாக்டோஸைக் கங்காருக் குட்டியின் உடல் தாங்காது. கழிச்சல் கண்டு மெலியும், கண்ணில் புரை விழும். அதனால் பைப்பாலூட்டிக்கென்றே தயாரித்த பால் மாவு வாங்குகிறார்கள். அதுவும் ஒரே மாவு போதாது. மயிர் முளைக்காததுக்கு ஒன்று, மயிர் முளைத்ததுக்கு ஒன்று, பையை விட்டு இறங்கும் பருவத்துக்கு ஒன்று. தாய் இரண்டு காம்பில் சத்தமில்லாமல் செய்த வேலைக்கு இவர்கள் அலமாரியில் டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சாலையில் செத்துக் கிடக்கும் கங்காரு சிலவற்றின் மேல் பளிச்சென்று பெயின்ட் அடித்த குறுக்குக் கோடு தெரியும். புதிதாக வருபவர்கள் ஏதோ அரசாங்கக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பையை ஏற்கெனவே ஒருவர் பார்த்துவிட்டார், நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை என்பது அதற்கு அர்த்தம்.